குழந்தை இதயத்துக்கு எத்தனை ஸ்கேன்? ஏன் அத்தனை ஸ்கேன்?

பிறவி இதயக் கோளாறு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஆபரேஷனைப் பத்தி இல்ல, அதுக்கு முன்னாடி எடுக்கிற ஸ்கேனைப் பத்திதான். சத்த அலையில படம் காட்டுற எக்கோ, சிடி, எம்ஆர்ஐ, தொடை வழியா இதயத்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கிற கேத்துன்னு ஒண்ணு மேல ஒண்ணா எழுதிக் குடுக்கிறாங்களே, எல்லாம் தேவைதானான்னு கேட்டிருக்கீங்க. பதில் சொல்றவர் ஒரு குழந்தைகள் இதய மருத்துவர். கேட்டவங்க பேரைப் போடல, ஊர் மட்டும்தான்.

டாக்டர், எங்க பொண்ணுக்கு நாலு வயசு. ஸ்கூலுக்குச் செக்கப் பண்ண வந்தவங்க நெஞ்சுல சத்தம் கேக்குதுன்னு அனுப்பி விட்டாங்க. எக்கோல ஏஎஸ்டி 14 மி.மீ.ன்னு வந்துருக்கு. ஒரு டாக்டர் தொடை வழியா டிவைஸ் வச்சு அடைச்சிரலாம்ங்கிறார், இன்னொருத்தர் ரிம் பத்தல, நெஞ்சைத் திறந்துதான் பண்ணணும்ங்கிறார். யாரை நம்புறது?
— ஒரு அம்மா, தென்காசி

ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றார்னு நினைக்காதீங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே ஓட்டையைத்தான் பாத்திருக்காங்க, ஆனா அதோட ஓரத்தை எவ்வளவு தெளிவா பாத்தாங்கங்கிறதுலதான் வித்தியாசம் வந்திருக்கும்.

ஏஎஸ்டின்னா இதயத்தோட மேல் அறைகள் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை. டிவைஸ்ங்கிறது நிட்டினால்ங்கிற, வளைச்சாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புற உலோகக் கம்பியில பின்னின ரெண்டு தட்டு, நடுவுல ஒரு இடுப்பு. இடுப்பு ஓட்டைக்குள்ள உக்காரும், தட்டு ரெண்டும் சுவரை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும். அப்ப பிடிச்சுக்க சுவர் வேணும்ல, அந்த மிச்சச் சுவரைத்தான் ரிம்னு சொல்றோம். பொதுவா சுத்தி 5 மி.மீ.யாவது இருக்கணும்னு எதிர்பார்ப்போம். எல்லா ரிம்மும் ஒரே மாதிரி முக்கியம் இல்ல. அயோர்ட்டா, அதாவது இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய், அது பக்கத்து ரிம் குறைவா இருக்கிறது ரொம்ப சகஜம், அதுலயும் கவனமா சைஸ் பாத்து டிவைஸ் வைக்கிறோம், தேவைக்கு மேல பெருசா வச்சாதான் அந்தப் பக்கம் உரசி அரிக்கிற ஆபத்து வரும். ஆனா கீழ இருந்து ரத்தம் கொண்டு வர்ற பெரிய சிரை, ஐவிசி, அது பக்கத்துல ரிம் இல்லன்னா டிவைஸ் நிக்காது, நழுவிரும். நழுவினா அதைப் பிடிச்சு வெளிய எடுக்கிறதே தனி வேலை, சில சமயம் அவசர ஆபரேஷன் வரைக்கும் போகும்.

அதனால நான் சொல்றது, 14ங்கிற நம்பரை விடுங்க, ஐவிசி பக்கத்து ரிம் தெரிஞ்சுதா, எந்த வியூல தெரிஞ்சுதுன்னு ரெண்டு டாக்டர்கிட்டயும் கேளுங்க. நாலு வயசுக் குழந்தைக்கு வயித்துக்கு மேல, விலா எலும்புக்குக் கீழ எக்கோ மெஷினோட புரோபை (கையில பிடிச்சு வைக்கிற கருவியை) வச்சுப் பாத்தாலே பெரும்பாலும் நல்லா தெரியும். தெரியலன்னா டிஇஇ, அதாவது மயக்கம் குடுத்து உணவுக்குழாய்க்குள்ள ஒரு மெல்லிசான புரோபை விட்டு இதயத்துக்குப் பின்னாடி இருந்து பாக்கிறது. அதுலதான் தீர்ப்பு. பல சென்டர்ல டிஇஇயையும் டிவைஸையும் ஒரே மயக்கத்துல வச்சுக்குவாங்க, ரிம் இருந்தா அடைப்பாங்க, இல்லன்னா நிறுத்திட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பாங்க. அப்படி நிறுத்தினா ஏமாந்துட்டோம்னு வருத்தப்படாதீங்க, அது சரியான முடிவு.

இன்னொண்ணு, ஓட்டை எந்த இடத்துல இருக்குங்கிறதும் கேக்கணும். சுவருக்கு நடுவுல இருக்கிற செகண்டம் வகைக்குத்தான் டிவைஸ். மேல் சிரை பக்கத்துல இருக்கிற சைனஸ் வீனோசஸ் வகையில பெரும்பாலும் வலது நுரையீரல் சிரையும் தப்பான இடத்துல வந்து சேந்திருக்கும், அந்தச் சிரையையும் சேத்துத் திருப்பி விடணும், குழந்தைக்கு அதுக்கு ஆபரேஷன்தான். கீழ வால்வை ஒட்டி இருக்கிற பிரைமம் வகைக்கும் ஆபரேஷன்தான், அதுல இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கிற மைட்ரல் வால்வுலயும் பிளவு இருக்கும்.

டிவைஸ் வைக்கிற அன்னைக்கு நடக்கிறதையும் சொல்லிடுறேன், ஏன்னா பெத்தவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. தட்டு ரெண்டையும் விரிச்ச பிறகும் அது கேபிள்லதான் மாட்டியிருக்கும். அந்த நேரத்துல எக்கோ பாக்கிறவர் சுத்திச் சுத்திப் பாப்பார், மைட்ரல் வால்வுல இடிக்குதா, நுரையீரல் சிரையை மறைக்குதா, எல்லாப் பக்கமும் சுவர் தட்டு ரெண்டுக்கும் நடுவுல மாட்டியிருக்கான்னு. பிறகு கேபிளை லேசா தள்ளி இழுத்து ஆட்டிப் பாப்போம். திருப்தி இல்லன்னா தட்டை மடக்கி உள்ள இழுத்துக்கலாம். அவர் சரின்னு சொன்ன பிறகுதான் விடுவிக்கிறது. என்னைக் கேட்டா அந்த ரூம்ல கையில கேபிள் வச்சிருக்கிறவரைவிட புரோப் வச்சிருக்கிறவர் சொல்லுக்குத்தான் எடை ஜாஸ்தி, அப்படித்தான் இருக்கணும்.

எங்க பையனுக்கு ஒன்பது மாசம். ஒரு இடத்துல விஎஸ்டி 5 மி.மீ.ன்னாங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு இடத்துல 7ன்னாங்க. ரெண்டே வாரத்துல ஓட்டை பெருசாயிருச்சா?
— ஒரு அப்பா, ஓசூர்

பெருசாகல சார், பயப்படாதீங்க. விஎஸ்டின்னா இதயத்தோட கீழ் அறைகள் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை. எக்கோங்கிறது இதயத்தை ஒரு கோணத்துல வெட்டின மாதிரி காட்டுற படம். வாழைக்காயை நேரா வெட்டினா சின்ன வட்டமா வரும், சாய்ச்சு வெட்டினா நீளமா வரும், காய் ஒண்ணுதான். அதோட விஎஸ்டி ஓட்டை அழகான வட்டமா இருக்கிறதும் இல்ல, துடிக்கத் துடிக்க அளவும் மாறும், பையன் அழுது புரண்டிருந்தா கேக்கவே வேணாம். ரத்த ஓட்டத்தைக் கலர்ல காட்டுற டாப்ளர்ல அளந்தா நிஜத்தைவிடப் பெருசா தெரியும், ஏன்னா கலர் ஓரத்தைத் தாண்டி வழியும்.

நாங்க மி.மீ.யை மட்டும் வச்சு முடிவு எடுக்கிறதில்ல. அந்தக் குழந்தையோட அயோர்ட்டா எவ்வளவு அகலமோ அதோட ஒப்பிட்டுப் பாப்போம், கிட்டத்தட்ட அதே அளவு ஓட்டைன்னா பெருசு, மூணுல ஒரு பங்குக்குக் கீழன்னா சின்னது. இடது பக்க அறை வீங்கியிருக்கான்னு பாப்போம், அதை வயசுக்கும் உடம்பு அளவுக்கும் சரிபண்ணி இசட் ஸ்கோர்னு ஒரு கணக்கு போடுவோம். ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் பிரஷர் வித்தியாசம் எவ்வளவுன்னு டாப்ளர்ல கணக்குப் போடுவோம், வித்தியாசம் ஜாஸ்தியா இருந்தா நல்லது, நுரையீரல் பக்கம் பிரஷர் ஏறலன்னு அர்த்தம். ரிப்போர்ட்ல இந்த மூணும் எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதலன்னா 5ஆ 7ஆன்னு யோசிச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காம, குழந்தைங்க எக்கோவையே முழுநேரமா பண்றவங்ககிட்ட தூங்குற சிரப் குடுத்து அமைதியா ஒரு தடவை எடுங்க. பெரியவங்க இதயத்தைப் பாக்கிற கை வேற, குழந்தை இதயத்தைப் பாக்கிற கை வேற. இதை நான் யாரையும் குறைச்சுச் சொல்லல, ரெண்டும் நிஜமாவே தனித்தனி படிப்பு.

எடை ஏறுதா, பால் குடிக்கும்போது வேர்க்குதா, மூச்சு வாங்குதா, இது மூணையும் நீங்க வீட்ல கவனிச்சு எழுதி எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு அதுவும் ஒரு படம் மாதிரிதான் உதவும்.

பேத்திக்கு இதுவரை ஆறு ஏழு எக்கோ எடுத்தாச்சு, இவ்வளவு எடுத்தா கதிர் உடம்புல சேந்துராதா?
— ஒரு பாட்டி, நாகப்பட்டினம்

எக்கோல கதிரே இல்லம்மா, வெறும் சத்த அலை, காதுக்குக் கேக்காத சத்தம். எத்தனை தடவை எடுத்தாலும் சேர ஒண்ணும் இல்ல. இது வந்த கதையே நல்லா இருக்கும். ஸ்வீடன்ல லுண்ட்ங்கிற ஊர்ல இங்கெ எட்லர்னு ஒரு இதய டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ்னு ஒரு இயற்பியல்காரரும் 1953ல மால்மோ கப்பல் கட்டுற தளத்துல இருந்து, இரும்புல விரிசல் இருக்கான்னு பாக்கிற ஒரு மெஷினை இரவல் வாங்கி இதயத்துக்கு மேல வச்சுப் பாத்தாங்க. அதுல இருந்து வளந்ததுதான் இன்னைக்கு உங்க பேத்தி நெஞ்சுல ஜெல் தடவி வைக்கிற புரோப். தைரியமா எடுங்க.

எங்க குழந்தைக்கு டெட்ராலஜி, அழுதா உதடு நீலமாகுது. எக்கோலயே எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு இப்ப சிடி ஆஞ்சியோ வேணும்ங்கிறாங்க. பணம் பண்றதுக்கான்னு வீட்ல சண்டை. கதிர் பயமும் இருக்கு.
— ஒரு அம்மா, அரியலூர்

வீட்ல சண்டையை நிறுத்திட்டு இதைப் படிச்சுக் காட்டுங்க.

டெட்ராலஜின்னா நாலு கோளாறு சேந்து வர்றது, பெரிய விஎஸ்டி, நுரையீரலுக்குப் போற பாதை இறுக்கம், அயோர்ட்டா ஓட்டைக்கு மேல ஏறி உக்காந்திருக்கிறது, வலது கீழறை தடிச்சுப்போறது. இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எக்கோ அருமையா காட்டும். ஆனா நுரையீரலுக்குள்ள போற ரத்தக் குழாய்கள் காத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், சத்த அலை காத்தைத் தாண்டிப் போகாது. அந்தக் கிளைகள் ரெண்டும் போதுமான அளவுல வளந்திருக்கா, அயோர்ட்டால இருந்து நேரா நுரையீரலுக்குப் போற கூடுதல் குழாய் ஏதாவது இருக்கா, இதை வச்சுத்தான் ஒரே ஆபரேஷன்ல முழுசா சரிபண்றதா, இல்ல முதல்ல ஒரு ஷன்ட், அதாவது நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு இணைப்புக் குழாய் வச்சு, கிளைக் குழாய்கள் வளந்த பிறகு பண்றதான்னே முடிவாகும்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் கரோனரி குழாய். இதயத் தசைக்கு ரத்தம் குடுக்கிற இந்தக் குழாய்ல முன்பக்கக் கிளை, டெட்ராலஜி குழந்தைங்கள்ல நூத்துக்கு ஏறக்குறைய அஞ்சு பேருக்கு வலது கரோனரில இருந்து கிளம்பி, சர்ஜன் கத்தி வைக்கப்போற அதே பாதைக்கு மேல குறுக்க ஓடும். இறுக்கத்தை அகலமாக்க அந்த இடத்துலதான் வெட்டணும். குழாய் அங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா சர்ஜன் வேற வழி யோசிப்பார், வெட்டை நகத்துவார், தேவைப்பட்டா தனியா ஒரு குழாய் வச்சு இணைப்பார். தெரியாம வெட்டினா இதயத்துல பெரிய ஒரு பகுதிக்கு ரத்தமே நின்னு போகும். நல்ல எக்கோவுலயும் பல நேரம் கரோனரி தெரியும், தெரியலன்னு எக்கோ டாக்டர் நேர்மையா எழுதினா சிடி கேக்கிறது அவர் கடமை.

கதிர் பயம் நியாயமானதுதான். குழந்தை திசு வளர்ற திசு, அதனால கதிரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கணும்னு உலகம் பூரா ஒரு கட்டுப்பாடு இருக்கு, அமெரிக்காவுல 2008ல இதுக்குன்னே 'இமேஜ் ஜென்ட்லி'ன்னு இயக்கமே ஆரம்பிச்சாங்க. இப்ப இருக்கிற வேகமான மெஷின்ல குழந்தைக்குன்னு செட்டிங் மாத்தி எடுத்தா 1 மில்லிசீவர்ட்டை (கதிரை அளக்கிற அலகு) ஒட்டித்தான் வரும், சில சமயம் அதுக்கும் கீழ. மண்ணு, காத்து, வானத்துல இருந்து நாம எல்லாரும் சும்மா இருந்தாலே ஒரு வருஷத்துக்கு வாங்குறது உலக சராசரியா 2.4 மில்லிசீவர்ட். படம் எடுக்கிற நேரம் சில நொடிதான். நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு, 'இங்க குழந்தைங்களுக்குத் தனி டோஸ் வச்சு எடுப்பீங்களா?' ஆமான்னா எடுங்க. பெரியவங்க டோஸ்லயே எடுக்கிற இடம்னா குழந்தைங்க சென்டருக்குப் போயி எடுங்க. தேவையான சிடிய தள்ளிப்போடுறது கதிரைவிட ஆபத்து.

பொண்ணுக்கு ஆறு வயசு. பெரிய விஎஸ்டி, சின்ன வயசுலயே சொன்னாங்க, நாங்கதான் வசதி இல்லாம, வேலைக்குப் போன ஊர்ல எல்லாம் அலைஞ்சு விட்டுட்டோம். இப்ப ஆபரேஷனுக்கு வந்தா, முதல்ல கேத் பண்ணிப் பாத்துத்தான் ஆபரேஷன் உண்டா இல்லையான்னு சொல்வோம்ங்கிறாங்க. ஓட்டை இருக்குன்னா அடைக்க வேண்டியதுதானே?
— ஒரு அப்பா, தருமபுரி

அண்ணா, விட்டுட்டோம்னு உங்களையே குத்திக்காதீங்க. கையில காசு இல்லாத குடும்பம் பொழைப்புக்கு ஊர் ஊரா போறப்ப குழந்தை ஓடியாடி விளையாடுதுன்னா நல்லா இருக்குன்னுதான் தோணும். அதுவும் இந்த நோய்ல ஒரு கொடுமை, நுரையீரல் பிரஷர் ஏற ஏற குழந்தைக்கு மூச்சு வாங்குறது குறையும், எடை ஏறும், பாக்கிறவங்களுக்குக் குணமாகிற மாதிரியே தெரியும்.

உள்ள நடக்கிறது வேற. பெரிய ஓட்டை வழியா வருஷக்கணக்கா ஜாஸ்தி ரத்தம் ஜாஸ்தி வேகத்துல நுரையீரலுக்குப் போனா, அங்க இருக்கிற சின்னச் சின்னக் குழாய் சுவரெல்லாம் தடிச்சு இறுகிரும். ஒரு கட்டத்துக்கு மேல அது திரும்பி இளகாது. அந்த நிலைமையில ஓட்டை ஒரு வடிகால் மாதிரி வேலை செய்யும், அதை அடைச்சுட்டா வலது பக்க இதயம் இறுகின குழாய்க்கு எதிரா தனியா தள்ள முடியாம நின்னு போகும். அடைச்சா உயிருக்கு ஆபத்து, அடைக்காம விட்டா மருந்தோட வருஷக்கணக்கா வாழலாம், இப்படி ஒரு நிலைமை வரும், அதுக்கு ஐசன்மெங்கர்னு பேரு. அதனாலதான் பெரிய விஎஸ்டிய முதல் வருஷத்துக்குள்ளயே அடைக்கணும்னு நாங்க கெஞ்சுறது.

உங்க பொண்ணு எந்தப் பக்கம் இருக்கான்னு எக்கோ ஓரளவுதான் சொல்லும். கேத்ல தொடை வழியா மெல்லிசான குழாயை இதயத்துக்குள்ளயும் நுரையீரல் குழாய்க்குள்ளயும் கொண்டு போயி நேராவே பிரஷரை அளப்போம், ஒவ்வொரு அறையில இருந்தும் ரத்தம் எடுத்து ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாப்போம், அதை வச்சு நுரையீரலுக்கு எத்தனை மடங்கு ரத்தம் போகுது, குழாயோட எதிர்ப்பு எவ்வளவுன்னு கணக்கு வரும். உடம்பு அளவுக்குச் சரிபண்ணின அந்த எதிர்ப்பு 4 யூனிட்டுக்குக் கீழன்னா தைரியமா அடைக்கலாம். 8க்கு மேலன்னா பொதுவா வேணாம்ங்கிற பக்கம்தான். நடுவுல இருந்தாதான் கஷ்டமான யோசனை, அப்ப ஆக்சிஜனும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் குடுத்து குழாய் இளகுதான்னு பாப்போம், இளகினா நம்பிக்கை. கணக்கு மட்டும் போதாது, நெஞ்சு எக்ஸ்ரேல இதயம் பெருசா இருக்கா, ஓடின பிறகு விரல்ல ஆக்சிஜன் குறையுதா, எல்லாம் சேத்து நாலு டாக்டர் உக்காந்து பேசித்தான் சொல்வாங்க.

ஒருவேளை வேணாம்னு சொன்னா 'வேற ஆஸ்பத்திரில பண்ணிக்கிறோம்'னு கோவிச்சுக்கிட்டுப் போயிராதீங்க, பண்றேன்னு சொல்ற இடம் கிடைச்சாலும் அந்த கேத் ரிப்போர்ட்டைக் காட்டாம பண்ண விடாதீங்க. பண்ணலாம்னு சொன்னா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. ஆறு வயசுல வந்தும் அடைக்க முடிஞ்ச குழந்தைங்க இருக்காங்க, கேத் பண்றதே அந்த வாய்ப்பு உங்க பொண்ணுக்கு இருக்கான்னு தேடத்தான்.

மாசமா இருக்கேன், இது அஞ்சாவது மாசம். அனாமலி ஸ்கேன்ல இதயம் நாலு அறையும் நார்மல்னு போட்டிருக்கு. அக்கா குழந்தைக்கு இதயக் கோளாறு இருந்துச்சு. இன்னும் ஏதாவது பாக்கணுமா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பாக்கணும் தங்கச்சி. நாலு அறை நார்மல்னு எழுதியிருந்தா மட்டும் போதாது, ரெண்டு பெரிய குழாயும் எங்க இருந்து கிளம்புதுன்னு பாத்தாங்களான்னு கேளுங்க. டிரான்ஸ்பொசிஷன்னு ஒரு கோளாறு, அயோர்ட்டாவும் நுரையீரல் குழாயும் இடம் மாறிக் கிளம்பும், அதுல நாலு அறை பாக்க அச்சு அசல் நார்மலா இருக்கும், குழாய்களைத் தேடிப் பாத்தாதான் தெரியும். 18ல இருந்து 22 வாரத்துக்குள்ள, வயித்துல இருக்கிற குழந்தையோட இதயத்தைப் பாக்க பீட்டல் எக்கோன்னு தனியா ஒண்ணு இருக்கு, குடும்பத்துல யாருக்காவது இருந்தா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா, அனாமலி ஸ்கேன்ல சந்தேகம் வந்தா அதை எடுக்கச் சொல்லுவோம்.

முன்னாடியே தெரிஞ்சா என்ன லாபம்னு கேப்பாங்க. டிரான்ஸ்பொசிஷன் குழந்தை பிறந்த உடனே நல்லா அழும், சில மணி நேரத்துல நீலமாகும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரசவத்தை இதய ஆஸ்பத்திரி பக்கத்துல வச்சுக்கலாம், புரோஸ்டாகிளான்டின் சொட்டு மருந்தை உடனே ஆரம்பிச்சு, பிறந்த பிறகு தானா மூடிக்கிற டக்டஸ்ங்கிற குழாயை மூடாம வைக்கலாம். தேவைப்பட்டா தொப்புள் வழியாவோ தொடை வழியாவோ ஒரு பலூனைக் கொண்டு போயி மேல் அறைச் சுவரை இழுத்து அகலப்படுத்துவாங்க. 1966ல ராஷ்கைண்ட்ங்கிற அமெரிக்க டாக்டர் கண்டுபிடிச்ச முறை. அப்ப அதை எக்ஸ்ரேலதான் பண்ணினாங்க, இப்ப ஐசியூ பெட்லயே எக்கோவைப் பாத்துக்கிட்டே பண்றோம், குழந்தையை எங்கயும் தூக்கிட்டுப் போக வேணாம். பலூன் வால்வுக்குள்ள போயிருச்சா சரியான அறையில இருக்கான்னு திரையில பாத்த பிறகுதான் இழுக்கிறது. பிறகு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள குழாயை இடம் மாத்துற ஆபரேஷன், கரோனரியையும் பெயர்த்து நடணும், அது எந்த மாதிரி கிளம்பியிருக்குன்னு சர்ஜனுக்கு எக்கோலயே முன்கூட்டியே வரைஞ்சு காட்டுவோம்.

ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயும் ஸ்கேன் எடுப்பாங்களாமே, திறந்து கண்ணாலயே பாக்கும்போது எதுக்கு?
— ஒரு வாசகர், காரைக்குடி

நல்ல கேள்வி. சர்ஜன் பாக்கும்போது இதயம் துடிக்காம, காலியா, தொய்ஞ்சு போயி இருக்கும், ஹார்ட் லங் மெஷின்தான் ரத்தத்தை ஓட்டிக்கிட்டு இருக்கும். தையல் போட்டு முடிச்சு, இதயம் திரும்பத் துடிக்க ஆரம்பிச்சு, ரத்தம் நிறைஞ்ச பிறகுதான் நிஜ நிலைமை தெரியும். அப்ப டிஇஇ புரோப்ல பாப்போம், ஓட்டையை அடைச்ச பேட்ச் ஓரத்துல கசிவு இருக்கா, வால்வு ஒழுகுதா, இறுக்கம் மிச்சம் இருக்கா, இதயம் நல்லா பம்ப் பண்ணுதா. பெரிய கசிவுன்னா திரும்ப மெஷின்ல போட்டு அங்கயே சரி பண்ணிருவாங்க, நாலு நாள் கழிச்சு ஐசியூல மூச்சு விட முடியாம கிடந்து கண்டுபிடிக்கிறதைவிட இது எவ்வளவோ மேல். ரொம்ப சின்னக் குழந்தைக்கு உணவுக்குழாய்ல புரோப் போகாதுன்னா, புரோபை ஸ்டெரைல் உறையில போட்டு நேரா இதயத்து மேலயே வச்சுப் பாப்பாங்க.

அரை மணி நேரம் ஜாஸ்தி ஆகுது, வெளிய காத்திருக்கிறவங்களுக்குப் பதட்டமா இருக்கும், எனக்குத் தெரியும். அந்த அரை மணி வீண் இல்ல.

த்ரீடி பிரிண்ட்ல இதயம் செஞ்சு காட்டுறாங்கன்னு படிச்சேன், எல்லாக் குழந்தைக்கும் பண்ணலாமா?
— ஒரு கல்லூரி மாணவர், சேலம்

எல்லாருக்கும் தேவையே இல்ல தம்பி. சாதாரண ஏஎஸ்டி விஎஸ்டிக்கு அது வீண் செலவு. ஆனா ரெண்டு பெரிய குழாயும் வலது கீழறையில இருந்தே கிளம்புற டிஓஆர்வி மாதிரி சிக்கலான கோளாறுல, ஓட்டையில இருந்து அயோர்ட்டா வரைக்கும் உள்ளயே ஒரு சுரங்கம் கட்ட முடியுமா, நடுவுல வால்வைப் பிடிச்சிருக்கிற நூல் எதுவும் மறிக்குதா, இதைத் தட்டைத் திரையில யோசிக்கிறது கஷ்டம். சிடி இல்லன்னா எம்ஆர்ஐ படத்தை அடுக்கு அடுக்கா பிரிச்சு அச்சடிச்சு சர்ஜன் கையில குடுத்தா, திருப்பிப் பாத்து, மாதிரியையே வெட்டிப் பாத்து, எந்தப் பக்கமா போறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் தியேட்டருக்குப் போவார். ரெண்டு கீழறையும் வேலை செய்யுற இதயமா சரிபண்ண முடியுமா, இல்ல ஒத்தைக் கீழறைக்கு மாத்துற வழிதானாங்கிற பெரிய கேள்விக்கே இதுல பதில் கிடைச்சிருக்கு. ஒரு குறை, மெல்லிசான வால்வு இதழும் அதைப் பிடிச்சிருக்கிற நூலும் அச்சுல சரியா வராது, அதுக்கு எக்கோவைத்தான் பாக்கணும். இப்ப அச்சடிக்காம கம்ப்யூட்டர்லயே கண்ணாடி மாட்டிப் பாக்கிற முறையும் வந்திருக்கு.

எனக்கே டெட்ராலஜி ஆபரேஷன் சின்ன வயசுல ஆயிருச்சு, இப்ப பதினேழு. நல்லாத்தான் இருக்கேன், வருஷா வருஷம் எக்கோ நார்மல்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப எம்ஆர்ஐ கேக்கிறாங்க. திரும்ப ஆபரேஷனா?
— ஒரு மாணவி, தஞ்சாவூர்

உடனே அந்த முடிவுக்குப் போயிடாத கண்ணு. டெட்ராலஜில இறுக்கத்தை அகலமாக்கும்போது நுரையீரல் வால்வு பெரும்பாலும் ஒழுக ஆரம்பிக்கும். அதைப் பல வருஷம் இதயம் தாங்கும், ஆனா வலது கீழறை மெதுவா விரியும். அந்த அறை இடது அறையைச் சுத்தி வளைஞ்ச ஒழுங்கில்லாத வடிவம், எக்கோல அதோட கொள்ளளவை நம்பி அளக்க முடியாது. எம்ஆர்ஐதான் அளக்கும், கதிரும் இல்ல. வலது அறை விரிஞ்ச நிலையில, உடம்புப் பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு 150, 160 மி.லி.யைத் தாண்டுதான்னு பாப்பாங்க, சுருங்கின பிறகு மிச்சம் 80ஐத் தாண்டுதான்னும் பாப்பாங்க. அந்தப் பக்கம் போகுதுன்னா புது வால்வு வைக்கிற நேரம் வந்துருச்சான்னு யோசிக்கணும், ரொம்ப விரிஞ்ச பிறகு வச்சா அறை பழைய அளவுக்குத் திரும்பாது. உனக்கு ஒண்ணும் தோணலங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாததால்தான் இந்த அளவே.

வால்வுன்னாலும் எப்பவும் நெஞ்சைத் திறக்கணும்னு இல்ல. 2000ல பாரிஸ்ல பிலிப் போன்ஹோஃபர் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு முதல் முறையா தொடை வழியாவே நுரையீரல் வால்வு வச்சார். அதுக்கும் படம்தான் வழிகாட்டி, பாதை எவ்வளவு அகலம்னு எம்ஆர்ஐலயோ சிடிலயோ பாக்கணும், பலூனை விரிச்சு கரோனரியை நசுக்குதான்னு ஆஞ்சியோல பாத்த பிறகுதான் வால்வை வைப்பாங்க. நெஞ்செலும்புல கட்டியிருக்கிற கம்பி எம்ஆர்ஐக்குத் தடை இல்ல. முக்கால் மணி நேரம் அசையாம படுக்கணும், சொன்னப்ப மூச்சைப் பிடிக்கணும், சத்தம் பயங்கரமா இருக்கும், காதுக்கு அடைப்பான் குடுப்பாங்க. வீட்ல மூச்சுப் பிடிச்சுப் பழகிட்டுப் போ, படம் நல்லா வரும்.

இவ்வளவு ஸ்கேனுக்கும் எங்க போறது டாக்டர்? கூலி வேலைதான். ஒரு இடத்துல எடுத்ததை அடுத்த இடத்துல ஏத்துக்காம திரும்ப எடுக்கச் சொல்றாங்க.
— ஒரு அப்பா, ராமநாதபுரம்

காசு வழியை முதல்ல சொல்றேன். பள்ளிக்கூடம், அங்கன்வாடிக்கு வந்து பாக்கிற ஆர்பிஎஸ்கே குழு இருக்கு, 2013ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டம், பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும். அவங்க மூலமா மாவட்டத் தலைமை மருத்துவமனையில, குழந்தைங்க குறைபாட்டை ஆரம்பத்துலயே கவனிக்க இருக்கிற டிஇஐசி மையத்துக்குப் போங்க, அங்க இருந்து இதய ஆபரேஷனுக்கு அனுப்புவாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலயும் குழந்தைங்க இதய ஆபரேஷன் வரும். அட்டை இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துல கேளுங்க, ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டு போங்க. எந்த ஸ்கேன் திட்டத்துக்குள்ள வருது, எதுக்குக் கையில இருந்து போகுதுன்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில இருக்கிற திட்ட கவுண்ட்டர்ல கேட்டுருங்க, எடுத்த பிறகு கேட்டா பணம் திரும்பி வராது.

திரும்ப எடுக்கச் சொல்றதுக்குப் பாதிக் காரணம், நீங்க ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டு போறது. பேப்பர்ல இருக்கிறது ஒருத்தர் பாத்து எழுதினது, சர்ஜனுக்கு வேண்டியது படம். ஃபிலிம்ல நாலு படம் அச்சடிச்சுக் குடுத்தாலும் பத்தாது. சிடி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ கேத்தோ எது எடுத்தாலும் முழுப் படத்தையும் டைகாம்ங்கிற, ஸ்கேன் படத்துக்குன்னே இருக்கிற ஃபைலா சிடி தட்டுலயோ பென் டிரைவ்லயோ போட்டுத் தரச் சொல்லுங்க, எக்கோவுக்கும் ஓடுற கிளிப்பைக் கேளுங்க, அது உங்க குழந்தையோடது, கேக்கிறதுக்குத் தயங்காதீங்க. தட்டு மேல பேரு, தேதி எழுதி ரெண்டு காப்பியா வச்சுக்கங்க, வெயில்ல வைக்காதீங்க. எக்கோ மட்டும் புது இடத்துல திரும்ப எடுப்பாங்க, அதுக்கு மறுப்பு சொல்லாதீங்க, ஆபரேஷன் பண்ணப்போற டீம் தன் கண்ணால பாக்காம கத்தி எடுக்கக் கூடாது. சிடியோ கேத்தோ திரும்ப வேணும்னா மட்டும் 'பழைய படத்துல எது தெரியல டாக்டர்?'னு கேளுங்க. தெளிவா ஒரு பதில் சொன்னாங்கன்னா எடுங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி, குழந்தைக்கு எத்தனை மணியோட பால் நிறுத்தணும்னு கேட்டுட்டு வாங்க, சாப்பிட்டு வந்துட்டா மயக்கம் குடுக்க முடியாம அந்த நாள் கூலியும் போயி திரும்ப ஒரு தடவை வர வேண்டியிருக்கும்.